கம்பி வைக்கும் இடம்

எனக்குக் காது கேட்காது என்று ஒரு காகிதத்தில் எழுதி, அதன் அடியில் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஆனால் இத்தோடு நிறுத்தினால் என் வயிற்றெரிச்சல் தீராது.

தண்ணீர் மோட்டார் செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. கடைசி ஷெட்டில் பரிசோதனைப் பெஞ்சுகள் ஐந்து வரிசையாக இருக்கும். பூட்டி முடித்த மோட்டாரை அங்கே கொண்டுவந்து ஓட விடுவார்கள். எங்கள் கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பி. அதன் நுனியை மோட்டாரின் மேல், உள்ளே பேரிங் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஊன்றி, மரக்குமிழ் வைத்த மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். நல்ல பேரிங் ஒரே சீராக முனகும். கெட்டுப்போகப் போகிற பேரிங்கில் அந்த முனகலுக்கு அடியில், கண்ணாடியில் நகம் கீறுவது போல, மெல்லிசாக ஒரு கீச்சு ஒளிந்திருக்கும். நல்லதற்கு வெள்ளை சாக்பீஸில் ஒரு கோடு, கெட்டதற்குச் சிவப்பில் ஒரு வட்டம். அடுத்த ஷெட்டில் பெயின்ட் அடிக்கும் முன் கோட்டைத் துணியால் துடைத்துவிடுவார்கள். எந்த மோட்டாரை யார் பாஸ் செய்தது என்பதற்கு அதோடு சாட்சி கிடையாது.

முதல் பெஞ்சில் சைரன். அவர்தான் எங்கள் சூப்பர்வைசரும். “சாப்பிட்டியாம்மா” என்று அன்பாகக் கேட்டாலும் பக்கத்து ஷெட்டில் இருப்பவர்கள் சண்டை என்று எட்டிப் பார்ப்பார்கள். அதனால் வந்த பெயர் அது. நடுவில் மூன்று பேர். அவர்களில் மீசை என்று நாங்கள் கூப்பிடுகிறவர்தான் பேசக் கூடியவர், மற்ற இருவரும் உண்டு இல்லை என்பதோடு சரி. கடைசிப் பெஞ்ச் என்னுடையது, பதினோரு வருடமாக. நான் பேசுவது யாருக்கும் எட்டாது, எதைச் சொன்னாலும் பக்கத்தில் வந்து குனிய வேண்டும். எனக்கு வைத்த பெயர் ரகசியம்.

எல்லோரும் குமிழைக் காதில் வைப்பார்கள். நான் காதுக்குப் பின்னால் மேடாக இருக்கும் எலும்பில் வைப்பேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்து வேலைக்குத் திரும்பிய புதிதில் மோட்டார் சத்தமெல்லாம் பஞ்சு அடைத்த மாதிரி மங்கிக் கேட்டது. ஒருநாள் குமிழ் வழுக்கி எலும்பில் பட்டது. இருட்டு அறையில் விளக்குப் போட்டது போல் அந்தக் கீச்சு பளிச்சென்று வந்து நின்றது. அன்றிலிருந்து கம்பிக்கு அதுதான் இடம். “காது அங்க இல்லம்மா, கொஞ்சம் முன்னாடி வா” என்று சைரன் கிண்டல் செய்வார். நான் சிரித்து வைப்பேன்.

இந்த வருடம் விற்ற மோட்டார்கள் ஒரு மாதம்கூடத் தாங்காமல் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் பேரிங்தான் போயிருந்தது. மேனேஜருக்கு மேலிருந்து மண்டகப்படி. அவர் உடனே ஒரு வண்டியை வரவழைத்து எங்களுக்குக் காது பரிசோதனை ஏற்பாடு செய்தார். பட்டியலில் சூப்பர்வைசர் பெயர் இல்லை. காதுச் சோதனை, வேலைக்காரர்களுக்கு மட்டும்தானாம்.

அமைதி வேண்டும் என்று கம்ப்ரஸரை நிறுத்தி, ஸ்டோர் ரூமில் என்னை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டினாள் வண்டியோடு வந்த பெண். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் நான்கு தடவை அவள் விரல் அசைவதைப் பார்த்து அழுத்தினேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, பயம்தான். ஐந்தாவது தடவை அவள் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு நான் வெறுமனே உட்கார்ந்து, பெட்டிகளின் மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தினால் ஈ பறந்தால் கேட்கும் அறை அது. மற்றவர்களுக்குக் கேட்கும். எனக்கு அமைதிதான் எதிரி. மேனேஜரின் உதட்டைப் பார்த்துப் பாதியும் ஊகத்தில் பாதியுமாகப் புரிந்துகொண்டேன்.

“காது ரெண்டும் பாதிக்கு மேல போயிருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. உன்னைக் குத்தம் சொல்லல. பேக்கிங்ல உக்காந்த வேலை, கஷ்டம் இல்லாதது. காது கேக்கலன்னு நீயே விரும்பிக் கேட்ட மாதிரி எழுதியிருக்கோம். ஒரு கையெழுத்துப் போட்டுடு.”

“திரும்பி வந்த மோட்டாரெல்லாம் நான் பாஸ் பண்ணினதுன்னு எப்படிச் சொல்றீங்க சார்?”

“வேற யாரு பண்ணியிருப்பாங்க?” இதைச் சொன்னது சைரன். எனக்கு நன்றாகக் கேட்டது. “காது கேக்காதவ கையில கம்பியைக் கொடுத்தது என் தப்பு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

என் நல்லது என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வாரம் டைம் கேட்டேன், டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று. வாரம் முடியும்வரை பேக்கிங்கில் உட்கார் என்றார்கள். உட்கார்ந்தேன். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். ஒருத்தி கையை ஆட்டி வாயை அகலமாகத் திறந்து “சோ-று-சாப்-டி-யா” என்று கேட்டாள். பதினோரு வருடம் என்னோடு ஊர்க்கதை பேசியவள்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர், அதனாலேயே அவர் சொல்வதில் பாதி எனக்கு வந்து சேராது.

“பேக்கிங்ல இருந்தா உடம்புக்கு நல்லதுதானே” என்றார்.

“நீங்களுமா?”

“நான் என்ன சொல்லிட்டேன்?”

“உங்க கடைக்கு வர்றவங்க யாரையாவது, உனக்குக் கண்ணு தெரியல, போய்ப் பொட்டி ஒட்டுன்னு அனுப்பியிருக்கீங்களா? கண்ணாடி போட்டுத்தானே அனுப்புறீங்க?”

அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். மகள்தான் என் தோளைத் தொட்டுத் திருப்பிச் சொன்னாள். “அம்மா, குக்கர் அஞ்சு விசில் அடிச்சாலும் நீ எந்திரிக்க மாட்டே. ஆனா கல்யாண மண்டபத்துல மேளத்துக்கு நடுவுல யாரு என்ன பேசினாலும் சரியா சொல்றே. அது எப்படின்னு டாக்டர்கிட்ட கேளு.” என் வயிற்றில் பிறந்தது என்னைவிடப் புத்திசாலி.

காது டாக்டர் ஒரு அம்மா. முழுவதும் கேட்டுவிட்டு மேஜை டிராயரிலிருந்து கவட்டை போன்ற ஒரு இரும்பு முள்ளை எடுத்தார். முழங்காலில் தட்டி என் காதுக்கு நேரே பிடித்தார். ஏதோ தூரத்தில் வண்டு பறந்தது. உடனே அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். மண்டை முழுக்க ரீங்காரம். நான் துள்ளிவிட்டேன்.

“நினைச்சேன்” என்றார் டாக்டர். என் முகத்தைப் பார்த்து, நிதானமாக, உரக்கப் பேசினார். “காதுக்குள்ள மூணு குட்டி எலும்பு இருக்கும்மா. சத்தம் வந்து செவிப்பறையைத் தட்டினா, ஒண்ணு அடுத்ததைத் தள்ளும், அது மூணாவதைத் தள்ளும். அந்த மூணாவது அரிசி மணியைவிடச் சின்னது. அதுதான் உள்காதோட ஜன்னலை ஆட்டணும். உங்களுக்கு அது சட்டத்தோட ஒட்டிக்கிச்சு. காத்து வழியா வர்ற சத்தம் அங்கேயே நின்னுடுது. ஆனா உள்ள நரம்பு நல்லா இருக்கு. எலும்பு வழியா கொடுத்தா நேரா உள்ள போயிடும்.”

“அப்போ நான் செவிடு இல்லையா?”

“வாசல் கதவு இறுகிப்போச்சு. வீட்டுக்குள்ள ஆள் முழிச்சுத்தான் இருக்காங்க.” அவரே சிரித்துக்கொண்டார். “வீட்ல வேற யாருக்காவது இருந்திச்சா? பெரும்பாலும் குடும்பத்துல வரும். சில பொம்பளைங்களுக்குப் பிள்ளை பெத்த பிறகு அதிகமாகும்.”

என் அம்மா. நாங்கள் நான்கு பேர். கடைக்குட்டி பிறந்த பிறகு அம்மா கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். திமிர் என்று அப்பா சொன்னார், நாங்களும் அதையே சொன்னோம். மெல்லப் பேசுவாள், கேட்டதையே கேட்பாள், நாங்கள் எரிந்து விழுவோம். கடைசிவரை அவளுக்கு இதுதான் என்று ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. டாக்டர் முன்னால் நான் அழுதேன். வெட்கப்படவில்லை.

பிறகு என் கேள்விகளைக் கேட்டேன். இரைச்சலில் எனக்கு ஏன் நன்றாகக் கேட்கிறது? இரைச்சலில் எல்லோரும் கத்திப் பேசுவார்கள், அந்த இரைச்சலோ எனக்குப் பாதிதான் உள்ளே வரும், மற்றவர்களைப் போல் என்னைத் தொந்தரவு செய்யாது. நான் ஏன் ரகசியம் பேசுகிறேன்? என் குரல் எனக்கு எலும்பு வழியாகப் பலமாகக் கேட்கிறது, அதனால் தன்னால் குறைத்துக்கொள்கிறேன்.

“நரம்பு கெட்டவங்க இதுக்கு நேர் எதிர்” என்றார் டாக்டர். “தன் குரலே சரியா கேக்காது, அதனால கத்துவாங்க. தடிச்ச சத்தமெல்லாம் கேக்கும். மெல்லிசா, கீச்சுன்னு வர்றதுதான் முதல்ல போகும். வருஷக்கணக்கா இரைச்சல்ல வேலை பார்க்கிறவங்களுக்கு வர்றது அதுதான். போனா போனதுதான், எலும்புல வச்சாலும் கேக்காது. உங்களுக்காவது மெஷின் வைக்கலாம், ஆபரேஷன் பண்ணலாம். யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லை.”

எனக்குச் சைரனின் முகம் வந்து நின்றது. இருபத்தாறு வருடம் அந்த ஷெட்டில் இருப்பவர். அன்பாகக் கேட்டாலும் கத்துகிறவர்.

திங்கட்கிழமை டாக்டர் கடிதத்தோடு போனேன். மேனேஜர் அறைக்குள் நுழையவில்லை. வாசலில் நின்று சொன்னேன். “பேச வேண்டியதை ஷெட்ல பேசலாம் சார். மோட்டார் ஓடட்டும். எனக்கு அங்கதான் வசதி.”

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வந்தார். என் பெஞ்சில் கடிதத்தை வைத்து, படிக்கச் சொன்னேன். அவர் தடித்த கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார்.

“கண்ணாடியைக் கழட்டிட்டுப் படிங்க சார்.”

“என்ன?”

“கழட்டினா படிக்க முடியாதுல்ல? உங்களை யாரும் பேக்கிங்க்கு அனுப்பலையே. எனக்குக் கண்ணாடி இந்தக் கம்பி. அதை வைக்கிற இடம்தான் வேற.”

மீசை களுக்கென்று சிரித்தார். மேனேஜர் கடிதத்தைப் படித்து முடித்தார். சைரன் எட்டிப் பார்த்து, “டாக்டர் லெட்டர் யாரு வேணா வாங்கலாம், மோட்டார்ல நிரூபிக்கச் சொல்லுங்க” என்று முழங்கினார்.

“நிரூபிக்கிறேன்” என்றேன். “நான் மட்டும் இல்ல. அஞ்சு பெஞ்சும். சூப்பர்வைசரும் சேர்த்துத்தான்.”

மீசை அதைச் சைரன் காதருகே போய் எடுத்துச் சொன்னார். “எனக்கென்ன பயம்?” என்றார் சைரன். அவருக்கு உண்மையிலேயே பயமில்லை. அந்தக் கீச்சு தன் காதுக்கு எட்டுவதில்லை என்று அவருக்கே தெரியாது, அதுதான் இதில் கொடுமை.

பூட்டும் ஷெட்டிலிருந்து ஃபிட்டர் வந்தார். பத்து மோட்டார்கள். திரும்பி வந்தவற்றில் அப்போதுதான் கெட ஆரம்பித்திருந்த பேரிங்குகளைக் கழற்றி, எதில் எத்தனை என்று யாருக்கும் சொல்லாமல் சிலவற்றில் பூட்டியிருந்தார். சாக்பீஸ் கூடாது என்றேன். துடைத்துவிட்டால் யார் சொன்னது என்று தெரியாது. ஆளுக்கு ஒரு சீட்டு. நம்பருக்கு எதிரே நல்லது, கெட்டது என்று எழுதி, பெயரும் எழுத வேண்டும்.

ஒவ்வொருவராகக் கேட்டோம். என் முறை வந்தபோது கம்பியைப் பிடுங்குவது போல் எடுத்தேன். பதினோரு வருடம் செய்த வேலைக்குப் பரீட்சை எழுதுகிறேனே என்கிற கோபம்தான் அது, பயம் கொஞ்சம்தான். எலும்பில் குமிழை அழுத்தினேன். மூன்றாவது மோட்டாரில் கீச்சு இருந்தது. நாலாவதில் இல்லை. ஏழாவதில் இருப்பது போலும் இல்லாதது போலும் இருந்தது, இரண்டு தடவை கேட்டு, இருக்கிறது என்று எழுதினேன்.

ஃபிட்டர் சீட்டுகளை வாங்கி உரக்கப் படித்தார். கெட்டவை நான்கு. நான் நான்கையும் சொல்லியிருந்தேன். மீசையும் நான்கு. மற்ற இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்றைக் கோட்டை விட்டிருந்தார்கள். சைரன் கண்டுபிடித்தது ஒன்றுதான், கரகரவென்று ஊருக்கே கேட்கிற ஒன்று. மற்ற மூன்றுக்கும் எதிரே தெளிவான கையெழுத்தில் ‘நல்லது’ என்று எழுதியிருந்தார்.

சீட்டை வாங்கிப் பார்த்து, “ஏழாவதைத் திரும்பப் போடு” என்றார் சைரன். போட்டார்கள். குமிழைக் காதில் அழுத்தினார். இன்னும் அழுத்தினார். காது மடல் சிவந்து போனது. பிறகு என்னைப் போல எலும்பில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை. கம்பியைக் கீழே வைக்காமல், மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டோர் ரூமில் தூசியைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேனே, அதே மாதிரி.

மேனேஜருக்கு நிம்மதி. அவருக்கு வேண்டியது பழி போட ஒரு ஆள், எந்த ஆளாக இருந்தாலும் சரி. சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தையே எடுத்தார். என் பெயரை அடித்துவிட்டு மேலே சைரனின் பெயரை எழுதினார். புதுக் காகிதம்கூடச் செலவு செய்யவில்லை.

“அப்போ இவரைப் பேக்கிங்ல போட்டுடலாம். சூப்பர்வைசர் வேலையை நீ பாத்துக்கோ” என்றார் என்னிடம்.

பொய் சொல்லக் கூடாது. ஒரு நிமிடம் இனித்தது. காது கேக்காதவ கையில என்று அவர் சொன்ன வார்த்தையை வட்டியோடு திருப்பிக் கொடுக்க வாய் துடித்தது. அதற்குள் அடிக்கப்பட்ட என் பெயர் கண்ணில் பட்டது. இன்று அவர் பெயர். நாளை கோட்டை விட்ட அந்த இரண்டு பேர் பெயர். இந்தக் காகிதம் ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வரும்.

“எனக்கு வந்தது என் அம்மா கொடுத்தது சார்” என்றேன். வழக்கமான குரலில் இல்லை. என் மண்டைக்குள் இடி இடிப்பது போல் கேட்கிற அளவுக்குக் கத்தினேன், அப்போதுதான் மற்றவர்களுக்குச் சாதாரணமாகக் கேட்கும். “அவருக்கு வந்தது இந்தக் கூரை கொடுத்தது. இருபத்தாறு வருஷம் இந்த இரைச்சல்ல நிக்க வச்சது நீங்க. அவரைப் பொட்டி ஒட்ட அனுப்பிட்டா, இந்த ரெண்டு பேருக்கும் போறது நின்னுடுமா?”

“அதுக்கு என்ன பண்ணச் சொல்றே?”

“அலமாரியைத் திறங்க.”

ஷெட்டில் எல்லோருக்கும் அந்த இரும்பு அலமாரி தெரியும். ஒருமுறை மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தபோது காதை மூடுகிற கவசங்களை வாங்கி ஒரே ஒரு நாள் எங்களுக்கு மாட்டிவிட்டார்கள். அவர்கள் போனதும் உள்ளே வைத்துப் பூட்டினார்கள். சாவி மேனேஜர் இடுப்பில்.

“காதை மூடினா டெஸ்டர் எப்படிக் கேப்பான்?” என்றார் அவர். அன்றும் இதைத்தான் சொன்னார்.

நான் மீசையைக் கூப்பிட்டேன். “ரெண்டு காதையும் விரலால அடைச்சுக்குங்க அண்ணே.” அடைத்துக்கொண்டார். ஏழாவது மோட்டாரில் கம்பியை ஊன்றி, குமிழை அவர் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தேன். அவர் புருவம் மேலே போனது.

“வெளிச் சத்தமே இல்ல. இது மட்டும் தெளிவா வருது” என்றார். விரலை எடுத்து, மறுபடி அடைத்து, மறுபடி கேட்டார். “இத்தனை வருஷம் ஏன் இப்படிக் கேக்கல நாம?”

“நான் இப்படித்தான் கேட்டேன். நீங்க சிரிச்சீங்க.”

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அலமாரி விஷயத்தைப் பிறகு பேசலாம், முதலில் கையெழுத்து என்றார். நான் என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். சாக்பீஸ் இரண்டையும், வெள்ளையும் சிவப்பும், பெஞ்சின் நடுவில் வைத்தேன்.

“அலமாரி திறக்கிற வரைக்கும் இங்கிருந்து ஒரு மோட்டார் வெளிய போகாது. அவர் கையெழுத்துப் போட மாட்டார். சூப்பர்வைசரா இருக்கட்டும், கம்பி பிடிக்க வேண்டாம், அவ்வளவுதான். தொழிற்சாலை செலவுல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.”

மீசை தன் சாக்பீஸைக் கொண்டுவந்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு வைத்தார்கள்.

சைரன் மட்டும் எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகிற மோட்டார்களுக்கு நடுவில் அவருக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எத்தனை வருடமாக இப்படி நின்று, புரிந்த மாதிரி தலையாட்டி, கத்திச் சமாளித்திருப்பார்?

“என்ன சொல்றா இவ?” என்று கேட்டார்.

நான் வெள்ளை சாக்பீஸை எடுத்து, பெஞ்சின் இரும்புத் தகட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன். ‘உங்களை அனுப்ப விடமாட்டேன். அலமாரியைத் திறக்கச் சொல்கிறேன்.’

அவர் குனிந்து படித்தார். ஒரு தடவை போதவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை படித்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்க்கவில்லை. மேனேஜர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, அதில் தன் பெயரைப் பார்த்து, நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு தன் சாக்பீஸை எங்கள் சாக்பீஸ்களோடு சேர்த்து வைத்தார்.

“அலமாரியைத் திறங்க” என்றார்.

பெயின்ட் ஷெட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கம்பி தேவைப்படவில்லை, எலும்பும் தேவைப்படவில்லை. அவர் குரல் இரண்டு காதிலும் நேராக விழுந்தது. மேனேஜர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தடவ ஆரம்பித்தார்.